சுட்ட குறியும் அழுத்திய அச்சும்

தோலில் அச்சுப் பதிக்கும் கலையைச் சொல்லித்தரும் நூல்கள் பதனிட்ட தோலிலிருந்துதான் தொடங்குகின்றன: மேசையில் விரித்த ஒரு துண்டு, அதை ஈரமாக்கப் பஞ்சு, பித்தளை முத்திரைகள், மரச்சுத்தியல். இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் அதற்கு முன்னே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியா வடக்கிலோ வளர்ந்த பட்டிமாட்டின் தோல், பதனிடும் தொட்டியைக் காணுமுன்பே ஓர் அச்சை வாங்கியிருக்கும். அதை வைத்தவர் பட்டிக்காரர். அவர் கையில் இருந்தது விறகுத் தணலில் காய்ந்த இரும்பு. மாடு அப்போது உயிரோடு நின்றது, அல்லது கால் கட்டிக் கிடந்தது.

குறிசுடுதல் என்று ஊரில் சொல்லும் இந்த வேலையைக் கால்நடை வளர்ப்பின் ஒரு சடங்காக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் எண்ணம். தோலில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவம் பதிக்கும் தொழில்நுட்பம் ஒன்றுதான். மாடு அடைக்கும் இடமான காலையில் அது உயிருள்ள தோலில் நடக்கிறது. தோல் தொழிற்சாலையில் செத்த தோலில் நடக்கிறது. இரண்டாவது அச்சுக்கு விழும் வேலைகளில் பெரியதொன்று, முதல் அச்சையும் அதைப்போன்ற வடுக்களையும் கண்ணிலிருந்து மறைப்பது. ஒரே தோலில் முதலில் விழுவது உடைமையைச் சொல்கிறது. பின்னர் விழுவது அந்த மாட்டுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததையே அழிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் வன்னித் தோலின் கதை முழுமையாகும்.

வன்னியின் நாட்டு மாடு சிறிய உடம்புக்காரி. கறுப்பு, செம்மை, புள்ளி எனப் பல நிறம். வீட்டுத் தொழுவத்தில் கட்டித் தீனி போடுவது இங்கு அண்மைக்கால வழக்கம். மரபாக மாடுகள் பட்டியாகவே வாழ்ந்தன. வயலில் நெல் நிற்கும் மாதங்களில் அவை காட்டோரத்துக்கும் குளங்களின் மேல்புறத் தரவைகளுக்கும் சாய்க்கப்படும்; அறுவடை முடிந்ததும் தாள் மேய வயலுக்குத் திரும்பும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெரிய குளங்களைச் சூழ்ந்த நிலப்பரப்பில் ஒருவர் பட்டி இன்னொருவர் பட்டியோடு கலப்பது அன்றாட நிகழ்ச்சி. வேலி இல்லாத மேய்ச்சலில் உடைமைக்கு வேலி மாட்டின் உடம்பிலேயே இருக்கவேண்டும். அதனால்தான் குறி.

குறி சுடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. உருவத்தை இரும்பில் வளைத்தோ வார்த்தோ செய்து ஒரே அழுத்தில் பதிப்பது ஒன்று. நுனி வளைந்த ஒற்றைக் கம்பியைக் காய்ச்சி, எழுதுகோலைப்போல இழுத்து எழுதுவது மற்றது. முதலாவது அச்சுக்கலை, இரண்டாவது கையெழுத்து. அச்சில் எல்லா மாட்டுக்கும் ஒரே வடிவம் விழும். கையெழுத்தில் சுடுபவரின் கை தெரியும், ஆனால் மாடு துள்ளினால் கோடும் துள்ளும்.

இரும்பின் சூட்டை எந்த அளவியும் இல்லாமல் நிறத்தைப் பார்த்தே கணிக்கிறார்கள். செஞ்சூட்டில் வைத்தால் மயிர் தீப்பற்றும், விளிம்பு பரவும், ஆழம் மிஞ்சும். கறுத்துக் குளிர்ந்துவிட்டால் நெடுநேரம் அழுத்தவேண்டி வரும், அதற்குள் மாடு அசைந்து கோடு இரட்டிக்கும். பகல் வெளிச்சத்தில் இரும்பு சாம்பல் நிறமாகத் தெரியும் நிலைதான் சரியானது. உலகின் எந்த மூலையில் மாட்டுக்குக் குறி சுடும் கையேட்டைப் புரட்டினாலும் இதே சாம்பல் நிறம்தான் சொல்லப்பட்டிருக்கும். தொடுகை சில விநாடிதான்.

அந்தச் சில விநாடியில் தோலுக்குள் நடப்பதென்ன? தோலின் உடல் கொலாஜன் என்ற புரத இழைகளால் நெய்யப்பட்டது. பதனிடாத தோலின் கொலாஜன் 60 முதல் 65 பாகை செல்சியசிலேயே சுருண்டு குலைந்துவிடும். காய்ச்சிய இரும்பின் சூடு அதைப்போலப் பல மடங்கு. மயிர்க்கால்கள் எரிந்து அழிகின்றன. காயம் ஆறும்போது உடல் அந்த இடத்தைப் புதிய இழைகளால் நிரப்புகிறது. ஆனால் பழைய தோலின் இழைகள் எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்க, வடுவின் இழைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் படுக்கின்றன. மயிர்த்துளை இல்லை, மயிர் இல்லை, பளபளப்பு மட்டும் உண்டு. மாடு இறந்து, தோல் உரிந்து, சுண்ணாம்புத் தொட்டியில் மயிரெல்லாம் கழன்ற பிறகும் குறியை விரலால் தடவி வாசிக்க முடிவது இதனால்தான்.

எழுத்தின் வடிவமும் இந்த வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. நெருங்கிய இரண்டு கோடுகளுக்கு நடுவில் அகப்பட்ட தோல் இருபுறமும் சூடேறி வெந்துவிடும். ஆறும்போது உள்வெளி முழுதும் ஒரே வடுவாகத் திரண்டு எழுத்து தெரியாது. ஆகவே 'ட', 'ப', 'ர' போன்ற திறந்த எழுத்துகள் மாட்டில் நன்றாக நிற்கும். 'ண', 'ஞ' போன்ற சுழியெழுத்துகள் கூழாகிவிடும். 'ப'வின் மூலையிலும் சிறு இடைவெளி விட்டால்தான் அந்த முடக்கில் தோல் அறுந்துபோகாமல் இருக்கும். ஏட்டுச்சுவடியில் எழுத்தாணி கிழிக்காதிருக்கத் தமிழ் எழுத்து வளைந்தது என்று சொல்வதுண்டு. மாட்டின் தொடையில் அதே எழுத்து வளைவை விட்டு நேர்கோட்டுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. கன்றில் சுட்ட குறி மாடு வளர வளரத் தானும் விரியும் என்பதையும் கணக்கில் எடுத்தே முதல் அளவைத் தீர்மானிக்கவேண்டும்.

வலியைப் பற்றி மௌனமாக இருந்துவிட்டு இந்தத் தொழில்நுட்பத்தை வியக்க என்னால் முடியாது. குறிசுடுதல் ஆழமான தீக்காயம். ஆறுவதற்கு வாரக்கணக்கில் செல்லும். புழு வைக்காமல் காப்பது பட்டிக்காரரின் பொறுப்பு. மாற்று வழி ஒன்று உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாட்டுக்குக் குறியிடுவது இந்தத் துணைக்கண்டத்தில் மிகப் பழைய வழக்கம். மாட்டின் காதில் வெட்டும் அடையாளங்களைக் குறிக்கும் சொற்களுக்குப் பாணினியின் இலக்கணத்திலேயே தனி விதி இருக்கிறது. எட்டு, ஐந்து என்ற எண்களும் சுவத்திகமும் அந்த அடையாளங்களில் அடங்கும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், பசுக்களுக்குப் பொறுப்பான அதிகாரி மாட்டின் குறி, நிறம், கொம்புகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்கிறது. தமிழ்ப் பொருள் இலக்கணம் போரையே வெட்சியில், அதாவது ஆநிரை கவர்வதில் தொடங்குகிறது; மீட்பதும் அங்கே ஒரு துறை. கவர்ந்ததும் மீட்டதும் யாருடைய மாடு என்று சொல்ல, மாட்டின் மேல் ஏதேனும் அடையாளம் இருந்தாகவேண்டும். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளைக்குச் சூலக்குறி இடுவதும் இதே மரபின் கிளை.

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புப் பிரதேசத்தில், இந்தக் குறிகள் தாய்வழிக் குடிகளோடு பிணைந்து நின்றன. மாட்டைப் பார்த்தே அது எந்தக் குடியாரின் மாடு என்று சொல்லக்கூடிய அளவுக்கு ஒவ்வொரு குடிக்கும் ஓர் அடையாளம். வன்னியில் பெரும்பாலும் பெயரின் முதலெழுத்துகள் இடம்பிடித்தன. குலத்தின் சின்னத்திலிருந்து தனியாளின் எழுத்துக்கு வந்த இந்த மாற்றத்தில் அரச நிர்வாகத்துக்கும் பங்கு இருந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம். காகிதத்தில் பதிவுசெய்ய எழுத்து வசதியானது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளுக்குக் குறியிடுதல், அவற்றைப் பதிதல், உரிமைச் சீட்டு வழங்குதல், இடம்விட்டு இடம் கொண்டுசெல்லல், அறுத்தல் ஆகிய யாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன்பின் தோலில் உள்ள குறியும் காகிதத்தில் உள்ள சீட்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டான 2009இல் காகிதச் சாட்சி இல்லாமற்போனது. அவ்வாண்டு ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியும் அதே மாதம் 25ஆம் திகதி முல்லைத்தீவு நகரும் இராணுவத்தின் கைக்குப் போயின. மக்கள் கிழக்குக் கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போனார்கள். பட்டியைக் கூட்டிக்கொண்டு பதுங்குகுழிக்குள் போகமுடியாது. கயிற்றை அறுத்து, காலையின் கடப்பைத் திறந்துவிட்டுப் போனார்கள். மே மாதத்தில் போர் முடிந்தபோது பட்டிக்காரர்கள் செட்டிகுளத்து முகாம்களில் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். மாடுகள் வேலியில்லாத காட்டில் இருந்தன. கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

திரும்பி வந்தவருடைய கையில் சீட்டு இல்லை, பதிவேட்டுப் பிரதி இல்லை, பல வேளைகளில் வீட்டுக் கூரையும் இல்லை. தன் மாடு என்று காட்ட எஞ்சியிருந்த ஒரே ஆவணம் மாட்டின் தொடையில் இருந்தது. ஆனால் அந்த ஆவணமும் பாதியே பேசும். அந்த மாதங்களில் பிறந்த கன்றுகளுக்கு யாரும் குறி சுடவில்லை. பால்குடி மறந்து தாயைப் பிரிந்த நாகும் நாம்பனும் யாருடையவை? தாய் பக்கத்தில் நின்றால் தாயின் குறியைக்கொண்டு வாதாடலாம். தாயே இல்லாவிட்டால்? உயிர்தப்பிய ஒரு தலைமுறை மாடுகளுக்கு அடுத்ததாக, வெறுந்தோலோடு ஒரு தலைமுறை நின்றது. போரின் இழப்பைப் பேசும்போது நாம் எண்ணிக்கையில் கேட்கும் கால்நடை இழப்புக்குள் இந்த வகை இழப்பு அடங்குவதில்லை. மாடு கண்முன்னே நிற்கிறது. அது தன்னுடையது என்பதற்கான எழுத்து இல்லை.

இனி அதே தோலைத் தொழிற்சாலைக்குப் பின்தொடர்வோம்.

பச்சைத்தோல் உப்புக்கட்டி விற்பனைக்குப் போகும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது குற்றங்களை. வன்னி மாட்டின் தோலில் அவை நிறைய. சூரையும் காரையும் நிறைந்த பற்றைக்காட்டில் மேய்ந்த மாட்டுக்கு முட்கீறல் இல்லாமல் இராது. உண்ணி கடித்த துளைகள், கொம்பு கிழித்த தழும்பு, எல்லாவற்றுக்கும் மேலே குறி. குறியின் கேடு அதன் பரப்பில் இல்லை, இடத்தில் இருக்கிறது. மாட்டுத் தோலில் இழை மிக நெருக்கமாகவும் தடிப்பு ஒரே சீராகவும் இருப்பது முதுகின் பின்பாதியும் அதையொட்டிய தொடையின் மேற்புறமும். சப்பாத்துக்கும் வாருக்கும் வெட்டி எடுக்கச் சிறந்த பாகம் அதுவே. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்பதால் பட்டிக்காரர் தேர்வதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத்தான். வயிற்றுப்புறத் தோல் தளர்ந்து இழுபடுவது. அங்கே குறி இருந்தால் தோல்காரருக்கு நட்டம் குறைவு, ஆனால் அங்கே சுட்ட குறியை யாரும் வாசிக்க முடியாது.

தழும்பு மலிந்த தோலைச் சந்தைக்கு ஏற்றதாக்கும் வழி இப்படிப் போகிறது. பதனிட்டு உலர்ந்த தோலின் மேற்பரப்பை உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்க்கிறார்கள். மயிர்த்துளைகள் தெரியும் மேற்படலம் மெல்லியதாகச் சீவப்படுகிறது. ஆழம் குறைந்த கீறல்களும் கூடவே போய்விடும். பிறகு பிசின் கலவை ஊட்டி, அதன்மேல் நிறமியும் பிசினும் சேர்ந்த பூச்சைத் தெளிக்கிறார்கள். இப்போது தோல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைப்போல் இருக்கும். தோல் என்று யாரும் நம்பமாட்டார்கள். இங்கேதான் எம்போசிங் இயந்திரம் வருகிறது. உருவம் செதுக்கிய உருக்குத் தட்டு 80, 90 பாகைக்குச் சூடாக்கப்பட்டு, நீரழுத்தத்தால் தோலின்மேல் இறங்குகிறது. பூச்சு இளகி, தட்டின் உருவத்தை ஏற்று, குளிர்ந்து உறைகிறது. தட்டில் செதுக்கியிருப்பது என்ன? பல வேளைகளில், மாட்டின் மயிர்த்துளைகள்! இழந்த முகத்தின் படம் அதே முகத்தின்மேல் அச்சாகிறது. வேறு தட்டைப் போட்டால் ஆட்டின் துளைவரிசை. இன்னொன்றைப் போட்டால் முதலைச் செதில், பாம்பின் வரி. சந்தையில் முதலைத்தோல் பை என்று மலிவாகக் கிடைப்பதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதோ ஓர் ஊரின் பசு.

ஆழமான சுட்ட வடு இத்தனைக்கும் பிறகும் முழுதாக மறைவதில்லை. பின்னல் இல்லாத அந்த இழைகள் சாயத்தையும் பிசினையும் வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அழுத்தம் அங்கே வேறுமாதிரி இறங்குகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பொய்த் துளைகளுக்குக் கீழே எழுத்து எட்டிப்பார்க்கும். அப்படிப்பட்ட துண்டு சப்பாத்தின் உட்பாகத்துக்கோ கழிவுக்கோ போகும்.

ஆனால் எம்போசிங் என்றாலே மறைப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தோலோடு இணங்கிப் போகும் அச்சும் உண்டு. அதற்குத் தோல் எப்படிப் பதனிடப்பட்டது என்பதே முதல் கேள்வி. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும், மென்மையானது, மீள்விசை மிக்கது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழுந்துவிடும். அதன்மேல் அச்சு நிற்பது பெரும்பாலும் மேற்பூச்சின் புண்ணியத்தால். மரப்பட்டையில் பதனிட்ட தோலின் குணம் வேறு. பட்டையின் டானின் இழைகளுக்கு இடையிலான வெளிகளை நிரப்பித் தோலுக்குத் திண்மை தருகிறது. ஈரமாக்கினால் அது களிமண்ணைப்போல இணங்கும். அழுத்திய உருவத்தோடு உலர்ந்தால் அந்த உருவத்தை விடாது.

கைவினைஞர்கள் இதற்கு ஒரு பக்குவம் வைத்திருக்கிறார்கள். தோலைப் பஞ்சால் நனைத்துவிட்டு உடனே முத்திரை வைப்பதில்லை. நனைந்து கறுத்த தோல், உள்ளே ஈரம் ஊறி மேலே தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும் தறுவாயைக் காத்திருந்து பிடிக்கிறார்கள். ஈரம் மிஞ்சினால் உருவம் பொதபொதத்து அகலும். குறைந்தால் விளிம்பு தெளியாது, மேற்பரப்பு வெடிக்கும். முத்திரையின் விளிம்பு கத்திபோல் இருந்தால் மேற்படலத்தை அறுத்துவிடும். மாட்டின் உடம்பில் சுடும் இரும்புக்கும் இதே விதி. முத்திரை வெறும் இரும்பாக இருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஈரத் தோலின் டானினும் இரும்பும் சேர்ந்தால் அழியாத நீலக்கறுப்புக் கறை விழும். கடுக்காயையும் இரும்புச் சத்தையும் சேர்த்து மை செய்த முன்னோருக்குத் தெரிந்த அதே வேதியியல்தான் இது. ஆகவே பித்தளை அல்லது முலாம் பூசிய முத்திரை.

எந்த விலங்கின் தோல் என்பது அடுத்த கேள்வி. ஆட்டுத்தோல் (வெள்ளாடு) மெல்லியது, ஆனால் இறுக்கமானது; மயிர்த்துளைகள் சிறு கூட்டங்களாக வரிசையிட்டு நிற்கும்; நுண்ணிய கோட்டுருவத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. செம்மறித்தோலில் கொழுப்பு அதிகம் படிந்திருந்து நீங்கியதால் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவே தளர்ச்சி இருக்கும். அச்சு எளிதில் விழும், ஆனால் அழுத்திய இடம் காலப்போக்கில் இரண்டு அடுக்காகப் பிரியக்கூடும். மாட்டுத்தோலுக்குத் தடிப்பு உண்டு. கத்தியால் கீறி, பின்னணியைத் தாழ அடித்து, பூவையும் இலையையும் மேலெழச் செய்யும் ஆழமான வேலைக்கு இதுவே ஏற்றது. எருமைத்தோல் இன்னும் தடிப்பு, மேற்பரப்பு கரடு. நுண்கோடு அதில் தொலைந்துபோகும், பெரிய எளிய வடிவம் கம்பீரமாக நிற்கும்.

மரப்பட்டைப் பதனிடலில் தமிழ்நாட்டுக்கு உலகப் பெயர் உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த தோல்கள் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, சென்னை வட்டாரங்களிலிருந்து கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரோடு இலண்டன் சந்தைக்குப் போயின. பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாபிரிக்காவிலிருந்து வந்த வாட்டில்பட்டை பிடித்தது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்ற குரோமியம் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1948இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இரு முறைகளையும் ஆய்ந்தது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையின் பெருந்தொழில் குரோமியத்தில்தான் ஓடுகிறது. ஆயினும் கிழக்கிந்தியத் தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தத் தொழில் இன்னும் மூச்சு விடுகிறது.

அந்தத் தோல் கலையாக மாறும் இடம் வங்காளம். 1922இல் தாகூர் நிறுவிய ஸ்ரீநிகேதனில் அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் தோல் வேலையை வளர்த்தார்கள். பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலை நனைத்து, கோலக் கோடுகளை அழுத்திப் புடைக்கச் செய்து, தூரிகையால் சாயம் தீட்டும் சாந்திநிகேதன் பைகள் இன்று உலகறிந்தவை. அவற்றின் அழகுக்கு அடியில் கிழக்கிந்தியத் தோலின் குணம் இருக்கிறது: சாயத்தைக் குடிக்கும், அச்சை விடாது.

வன்னியில் இப்படி ஒரு கலை ஏன் முளைக்கவில்லை? ஆவாரம்பட்டை தரும் ஆவரசு வடக்கின் வறண்ட வெளிகளில் தானாகப் பூக்கும் செடி. டானின் நிறைந்த பட்டையுள்ள மருதமரம் வன்னி ஆற்றங்கரைகளில் வானளாவ நிற்கிறது. மாடும் எருமையும் பட்டி பட்டியாக இருந்தன. மூலப்பொருள் எல்லாம் இருந்தும் தொழில் வராததற்கு இரண்டு காரணங்களை நான் காண்கிறேன்.

முதலாவது, இங்கே தோலுக்கு இருந்த தேவை பதனிடாத தோலோடு நின்றுவிட்டது. வேலப்பணிக்கன் ஒப்பாரி என்ற நாட்டார் பாடல் பிறந்த வன்னி, யானை பிடிக்கும் பணிக்கரின் நாடு. 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட், வடக்கின் யானை பிடிப்போர் மரைத்தோலிலோ எருமைத்தோலிலோ முறுக்கிய கயிற்றைத் தவிர வேறு ஆயுதம் இல்லாமல் யானையின் பின்னங்காலில் சுருக்கிடுவதை வியந்து எழுதுகிறார். அந்த வாருக்கு வேண்டியது வலிமையும் நெகிழ்வும். பச்சைத்தோலே அதற்குப் போதும். வற்றாப்பளை முதலிய கோயில்களில் முழங்கும் பறைக்கு வேண்டியது விறைப்பு, அதற்கும் பச்சைத்தோல்தான். பச்சைத்தோலில் அழுத்திய உருவம் அடுத்த ஈரத்திலேயே கலைந்துவிடும். தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கலைஞர்கள் ஒளி ஊடுருவும் ஆட்டுத்தோலில் நகையையும் உடையையும் துளையிட்டே காட்டியதற்கு நிழலின் தேவை ஒரு காரணம். அந்தத் தோல் புடைப்பை ஏற்காது என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் சாதி. செத்த மாட்டை இழுப்பதும் உரிப்பதும் தோலைத் தொடுவதும் ஒடுக்கப்பட்ட மக்களின் தலையில் சுமத்தப்பட்டு, அதையே அவர்களை இழிவுபடுத்தும் நியாயமாகவும் ஆக்கினார்கள். பறையின் ஒலி கோயிலுக்கு வேண்டியிருந்தது. பறையின் தோலைப் பதமாக்கிய கை வேண்டியிருக்கவில்லை. ஒரு கைவினை வளர அதைச் செய்பவருக்கு மதிப்பும் முதலும் சந்தையும் தேவை. மூன்றும் மறுக்கப்பட்ட இடத்தில் தோல் வேலை உழைப்பாகவே நின்றது. வன்னியின் தோல் உப்புக்கட்டித் தெற்கே போய், வேறெங்கோ பதனிடப்பட்டு, சப்பாத்தாகத் திரும்பி வந்தது. இதை வரலாற்றின் தற்செயல் என்று எழுதுவது பொய்யாகும்.

குறிக்கு வருகிறேன். 1966இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் பாரல் குளிர்க்குறி முறையை உருவாக்கினார். சூட்டுக்குப் பதில் கடுங்குளிர். செம்பிலோ பித்தளையிலோ செய்த முத்திரையைத் திரவ நைதரசனில் தோய்த்து, மயிர் மழித்த தோலில் வைத்தால், மயிருக்கு நிறம் தரும் செல்கள் அழிந்துபோகும், மயிர்க்கால் பிழைத்துக்கொள்ளும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். கறுத்த மாட்டில் வெண்ணெழுத்து. தோலின் இழைப் பின்னலுக்குச் சேதம் மிகக் குறைவு. வலியும் சூட்டுக்குறியைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வெளிறிய மாட்டில் நெடுநேரம் வைத்து மயிர்க்காலையே அழிக்கவேண்டியிருக்கும், அதனால் பயன் குறையும். வன்னிப் பட்டிகளில் கறுப்பும் கருஞ்செம்மையும் மிகுதி என்பதால் இம்முறை இங்கே பொருந்தும்.

திரவ நைதரசனுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான விந்துக் குழாய்கள் −196 பாகையில் அதே திரவத்தில்தான் கால்நடை வைத்தியர் பணிமனைகளுக்கு வருகின்றன. குறியிட இன்னும் கூடுதலான அளவு வேண்டும், கையாளப் பயிற்சி வேண்டும், வேகம் சூட்டுக்குறியைவிடக் குறைவு. ஆனால் கொண்டுவரும் பாதையும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. காதுப்பட்டி போதாதா என்றால், பற்றைக்காட்டில் மேயும் மாட்டின் காதிலிருந்து பட்டி கிழிந்து விழும். திருடன் வெட்டி எறிவான். இரவல் அடையாளத்தை நம்பிப் பட்டிக்காரர் தம் எழுத்தைக் கைவிடமாட்டார், கைவிடவும் வேண்டியதில்லை. அதுவரைக்கும் சூட்டுக்குறியே என்றாலும், முதுகின் பின்பாதியை விட்டு முழங்காலுக்கு மேலே தொடையின் கீழ்ப்புறத்துக்கோ, கழுத்துக்கோ குறியை நகர்த்தினால் தோலின் நல்ல பாகம் பிழைக்கும், எழுத்தும் கண்ணுக்குத் தெரியும்.

செய்ய வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது, அதற்குக் காலம் குறைவு. 1895இல் ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு குளங்களையும் கிராமங்களையும் மக்களையும் பக்கம் பக்கமாகப் பதிந்தது. வன்னியின் மாட்டுக்குறிகளுக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். எந்த ஊரில் எந்த எழுத்து, எந்தப் பக்கத்தில், குலச்சின்னம் ஏதும் அதனோடு சேர்ந்து நின்றதா, 2009க்கு முன் ஒரு குடும்பம் வைத்திருந்த குறியை மகனோ மருமகனோ தொடர்ந்தாரா, மாற்றினாரா, கணவரை இழந்த பெண் பட்டியைப் பொறுப்பேற்றபோது யாருடைய எழுத்தைச் சுட்டார்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்கள் வீட்டுக் கோடியில், துருப்பிடித்த மண்வெட்டிக்கும் உடைந்த ஏர்க்காலுக்கும் நடுவில், சில இடங்களில் அந்த இரும்புகள் இன்னும் கிடக்கக்கூடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சியில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. வவுனியாவுக்கு 2021 முதல் சொந்தமாகவே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய அளவான வேலை இது: ஊர் ஊராகப் போய், இரும்பை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றி, பக்கத்தில் பட்டிக்காரர் சொல்வதை எழுதிக்கொண்டால் போதும்.